சிஎச் 701 விமானத்துக்கு மிதவை கட்டிப் பூட்டிய அனுபவம்

ஒன்டாரியோவின் லின்ட்சே நகருக்கு அருகே, புல்தரை ஓடுபாதை ஒன்றின் ஓரத்துக் கொட்டகையில் என் சிஎச் 701 நிற்கிறது. கிறிஸ் ஹைன்ட்ஸ் 1980களில் வடிவமைத்த, முழுவதும் அலுமினியத் தகட்டாலான இந்த இரு இருக்கை விமானத்தை நானே கட்டி, ஐந்து ஆண்டுகள் சக்கரங்களோடு பறந்தேன். குறுகிய ஓட்டத்தில் எழவும் மெதுவாக வந்து இறங்கவும் என்றே அமைந்த தடித்த இறக்கையும், 100 குதிரைத்திறன் ரோட்டாக்ஸ் 912 இயந்திரமும் அதற்கு இருப்பதால், தண்ணீருக்கும் அது பொருந்தும் என்பது எனக்குத் தொடக்கத்திலேயே தெரியும். இந்த மாகாணத்தில் இரண்டரை லட்சத்துக்கும் மேற்பட்ட ஏரிகள் உண்டு. ஆயிரம் அடி உயரத்திலிருந்து பார்த்தால் ஓடுபாதை எங்கோ ஒன்றுதான் தென்படும், தண்ணீரோ பார்க்கும் பக்கமெல்லாம் மின்னும். 2021 நவம்பரில், சக்கரங்களுக்குப் பதிலாகப் பூட்டும் மிதவைகளுக்கான வரைபடத்தை வாங்கினேன். 2023 ஆகஸ்டில் விமானம் ஸ்டர்ஜன் ஏரியின் நீர்ப்பரப்பிலிருந்து எழுந்தது. இடையில் நடந்தவற்றை, முக்கியமாக ஒரு மூட்டில் நான் செய்த தவறையும் அதைத் திருத்திய விதத்தையும், இதே வேலையில் இறங்க எண்ணுபவருக்குப் பயன்படும்படி எழுதி வைக்கிறேன்.

முதலில் அளவு. மிதவை விமானத்தின் எடையைத் தாங்கினால் மட்டும் போதாது. நன்னீரில் அந்த எடையைப் போல 1.8 மடங்கைத் தாங்கும் கொள்ளளவு இரு மிதவைகளுக்கும் சேர்த்து இருக்க வேண்டும் என்பது அமெரிக்க விமான விதிகளில் நெடுங்காலமாக இருந்துவரும் அளவுகோல். வீட்டில் கட்டும் விமானத்தை அந்த விதி கட்டுப்படுத்தாவிட்டாலும், அதற்குக் குறைவாகக் கட்டுவதற்கு எனக்கு எந்தக் காரணமும் தோன்றவில்லை. என் விமானத்தின் உச்ச எடை 500 கிலோ, 1.8 ஆல் பெருக்கினால் 900; ஆக ஒரு மிதவைக்கு 450 கிலோ, அதாவது நன்னீரில் 450 லிட்டர். வரைபடத்தில் உள்ள மிதவை 520 லிட்டர் கொள்ளும். அதன் உட்புறம் நான்கு தடுப்புச்சுவர்களால் ஐந்து அறைகளாகப் பிரிக்கப்பட்டிருக்கிறது. ஒரே மிதவையின் ஏதேனும் இரண்டு அறைகளில் தண்ணீர் நிறைந்தாலும் விமானம் கவிழாமல் மிதக்க வேண்டும் என்பதே அந்தத் தடுப்புகளின் நோக்கம். இதை இங்கே அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு; பின்னால் வரும் சிக்கல் முழுவதும் ஒரு தடுப்புச்சுவரின் அடியில்தான் நிகழ்ந்தது.

என் அம்மாவின் தந்தை வல்வெட்டித்துறையில் கலப்பத்து வேலை செய்தவர். 1938 இல் அட்லான்டிக் கடந்து அமெரிக்காவின் குளோஸ்டர் துறைமுகத்தை அடைந்த அன்னபூரணி என்ற பாய்க்கப்பல் கட்டப்பட்ட ஊர் அது. பலகை மூட்டுகளில் பஞ்சுத் திரியை உளியால் அடித்து இறுக்கி, எண்ணெயில் காய்ச்சிய குங்கிலியத்தைப் பூசுவதைச் சிறுவயதில் பார்த்திருக்கிறேன். அதனால் மிதவையின் உறுப்புகளுக்கு எனக்கு முதலில் வாயில் வந்த பெயர்கள் வள்ளத்தின் பெயர்களே. நடுவே நீளமாக ஓடும் அடிவிளிம்பு ஏரா, முன்முனை அணியம், பின்முனையில் தொங்குவது சுக்கான். வள்ளத்தில் இல்லாத ஓர் உறுப்பு மட்டும் மிதவையில் உண்டு. அது அடிப்பகுதியின் நடுவில் சட்டென்று மேல்நோக்கி உயரும் படி. வேகம் கூடும்போது தண்ணீர் வளைந்த அடிப்பரப்பை ஒட்டிக்கொண்டு அதைக் கீழே இழுத்துப் பிடிக்கும். படியில் அந்த ஒட்டுதல் அறுந்து, பின்பாதியின் அடியில் காற்று புகுகிறது. அதன்பின் மிதவை படிக்கு முன்னுள்ள சிறு பரப்பில் மட்டும் வழுக்கி ஓடும். விமானி மூக்கை உயர்த்தவும் முடியும். படி இல்லாத மிதவையில் எவ்வளவு வலுவான இயந்திரத்தைப் பூட்டினாலும், தண்ணீரை விட்டு எழுவது பெரும்பாடு.

தகடு முழுவதும் 6061-டி6 என்ற வகை அலுமினியம், அடிப்பகுதிக்கு 0.8 மில்லிமீட்டரும், பக்கங்களுக்கும் மேல்தளத்துக்கும் 0.6 மில்லிமீட்டரும் தடிப்பு. மடிப்புகளை ஒரு தகட்டுப் பட்டறையில் கொடுத்து வளைத்து வாங்கினேன். மற்ற எல்லாம் ஏஜாக்ஸில் உள்ள என் வீட்டுக் கராஜில் நடந்தன. ஒவ்வொரு தகட்டையும் துளையிட்டு, கிளெக்கோ கவ்விகளால் தற்காலிகமாகப் பூட்டிப் பார்த்து, மறுபடி பிரித்து, துளை விளிம்புகளின் பிசிறை நீக்கி, அமிலத்தால் கழுவி, பிரைமர் பூசி, அதன்பின் மூட்டில் நீர் புகாமல் அடைக்கும் சீலன்ட் தடவி மீண்டும் பூட்டி ரிவெட் அடிக்க வேண்டும். ஒரே மூட்டைப் பூட்டிப் பிரித்து மீண்டும் பூட்டும் இந்த ஒழுங்கைக் குறுக்க வழியே இல்லை. குறுக்கினால் துளைப் பிசிறு இரண்டு தகடுகளுக்கும் இடையில் மயிரிழை இடைவெளியைத் தாங்கிப் பிடித்துக்கொள்ளும். நீர்மட்டத்துக்குக் கீழே வரும் இடங்களில் எல்லாம் முனை அடைத்த இழுப்பு ரிவெட்டுகளையே போட்டேன். சாதாரண இழுப்பு ரிவெட்டின் நடுவில் ஊசி அறுந்த இடம் ஒரு குழாயாகவே நிற்கும். ஆயிரம் ரிவெட் என்றால் ஆயிரம் குழாய்.

சீலன்ட் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் இந்த வேலையின் உயிர் அதில்தான் இருக்கிறது. விமான எரிபொருள் தொட்டிகளுக்குப் பயன்படும் பாலிசல்ஃபைடு வகை அது. வெண்ணிறக் கூழ் ஒன்று, கரிய கூழ் ஒன்று, எடையில் பத்துக்கு ஒன்று என்ற விகிதத்தில் நிறுத்துக் கலக்கினால், வெள்ளைக் கீற்றோ கறுப்புக் கீற்றோ தெரியாத ஒரே சாம்பல் நிறம் வர வேண்டும். பி-2 என்று குறியிட்ட வகைக்கு அறை வெப்பத்தில் இரண்டு மணி நேரம் வேலை ஆயுள். முதல் அரை மணியில் கத்தியால் எடுத்தால் பளபளப்போடு இழுபட்டுத் தகட்டில் தானே படரும். ஒன்றரை மணிக்குப் பின் பளபளப்பு மங்கும். இரண்டு மணி கடந்தால் பதம் தவறிய வெல்லப்பாகு போல நூல் நூலாக அறுந்து, தகட்டின் மேல் உட்காருமே தவிர அதைப் பற்றாது. கண்ணுக்கு அப்போதும் அது சீலன்ட் போலத்தான் இருக்கும். மூட்டின் ஓரமாகப் பிதுங்கியும் வரும். பற்றியதா இல்லையா என்பது மட்டும் வெளியிலிருந்து தெரியாது.

2022 டிசம்பரில் ஒரு சனிக்கிழமை, இடது மிதவையின் மூன்றாம் தடுப்புச்சுவரை அடித்தகட்டோடு இணைத்துக்கொண்டிருந்தேன். படிக்கு நேர் மேலே நிற்கும் சுவர் அது. தரையிறங்கும் அடியில் பெரும்பங்கை வாங்குவதும் அதுவே. பாதி வேலையில் ரிவெட் இழுக்கும் கருவியின் காற்றுக் குழாய் பிய்ந்துவிட்டது. கடைக்குப் போய்ப் புதிய இணைப்பு வாங்கி வந்து பூட்டி முடிக்க ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆனது. கிண்ணத்தில் பாதி சீலன்ட் மிஞ்சியிருந்தது. விலை உயர்ந்த பொருள் என்பதாலும், மாலைக்குள் அந்தச் சுவரை முடித்துவிட வேண்டும் என்ற எண்ணத்தாலும், அதையே தடவி மீதி ரிவெட்டுகளை அடித்தேன். கடைசிச் சில ரிவெட்டுகளின்போது கத்தியில் நூல் அறுந்ததைக் கண்டது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. அங்கே கையை நிறுத்தியிருக்க வேண்டும்.

ஏப்ரலில் அறைகளைச் சோதித்தேன். ஒவ்வோர் அறையையும் தண்ணீரால் நிரப்பி வெளியே சொட்டுகிறதா என்று பார்ப்பவர்கள் உண்டு. ஆனால் நூறு லிட்டர் என்பது நூறு கிலோ, அதைத் தாங்கும் தொட்டில் என்னிடம் இல்லை. ஆகவே காற்றழுத்தச் சோதனையைத் தேர்ந்தேன். மேல்தளத்தில் உள்ள பம்பு வாயில் ஒரு ரப்பர் அடைப்பானைச் செருகி, அதன் வழியே சைக்கிள் பம்பையும், யூ வடிவில் வளைத்து நிறநீர் ஊற்றிய ஒரு கண்ணாடிக் குழாயையும் இணைத்தேன். இரு பக்க நீர்மட்டங்களுக்கும் இடையே 15 சென்டிமீட்டர் வேறுபாடு வரும் வரை காற்றடித்து நிறுத்தினேன். அவ்வளவுதானா என்று தோன்றும்; ஆனால் அந்த அழுத்தமே ஒரு சதுர மீட்டர் தகட்டின்மேல் 150 கிலோ விசையாகிறது. அழுத்தமானியில் முள் அசைகிறதா என்று பார்த்துக்கொண்டு கம்ப்ரெசரால் காற்றடித்தால், முள் அசைவதற்கு முன் தகடு புடைத்துவிடும்.

மூன்றாம் அறையில் மட்டம் நிற்கவில்லை. பத்து நிமிடத்தில் 15 இலிருந்து 9 ஆகச் சரிந்தது. சோப்பு நீரை மூட்டுகள், ரிவெட்டுகள், ஏரா, மேல்தள மூடி என்று ஓரிடம் விடாமல் பூசினேன்; ஒரு குமிழிகூட எழவில்லை. இரண்டு நாள் இப்படியே போயின. மூன்றாம் நாள், ஏற்கெனவே சோதித்து முடித்த நான்காம் அறையின் வாயில் இரண்டாவது கண்ணாடிக் குழாயைக் கழற்றாமல் விட்டிருந்தேன். பக்கத்தில் நின்று விளக்குப் பிடித்துக்கொண்டிருந்த என் மகள்தான் அதைக் கண்டாள். "அப்பா, இஞ்ச பாருங்கோ, இந்தக் குழாயில தண்ணி ஏறுது" என்றாள். மூன்றாம் அறையில் அடித்த காற்று வெளியே போகவில்லை. தடுப்புச்சுவரின் அடியால் நான்காம் அறைக்குள் போய்க்கொண்டிருந்தது. டிசம்பரில் நான் அவசரமாக முடித்த அதே மூட்டு. வெளியிலிருந்து பார்த்தால் ஒரு சொட்டு ஒழுகாத மிதவை. ஆனால் படியின் அருகே அடித்தகடு ஒரு பாறையில் கிழிந்திருந்தால், தண்ணீர் ஓர் அறையோடு நிற்காமல் இரண்டையும் நிரப்பியிருக்கும்.

அன்றிலிருந்து எந்த அறையைச் சோதித்தாலும், அதன் இருபுறத்து அறைகளிலும் ஒவ்வொரு கண்ணாடிக் குழாயை வைத்தே சோதிக்கிறேன். மிதவை கட்டுபவர்கள் இந்த ஒன்றை மட்டுமாவது எடுத்துக்கொள்ள வேண்டுகிறேன். செலவு இரண்டு அடைப்பானும் சிறிது குழாயும்தான்.

திருத்துவதற்கு ஐந்து வாரம் பிடித்தது. மேல்தள மூடியின் வழியே ஒரு கை மட்டுமே உள்ளே போகும். அடுத்த கண்ணாக ஒரு சிறு கைக்கண்ணாடியை உள்ளே சாய்த்து வைத்துக்கொண்டேன். அந்தச் சுவரின் அடிமடிப்பில் இருந்த 22 ரிவெட்டுகளை வெளியிலிருந்து டிரில்லால் தலை நீக்கித் தள்ளி, பிளாஸ்டிக் ஆப்பால் மடிப்பை ஒரு மில்லிமீட்டர் அளவுக்கு நெம்பினேன். உள்ளே இருந்த சீலன்ட் தகட்டிலிருந்து ஒரு நாடா போல முழுதாக உரிந்து வந்தது. அதன் அடியில் பிரைமரின் பச்சை, பூசிய அன்று இருந்தபடியே துடைத்து வைத்தாற்போல இருந்தது, எங்குமே பற்றவில்லை. நல்ல சீலன்ட் பற்றியிருந்த பக்கத்து மூட்டிலோ, பிரைமரும் சேர்ந்து பிய்ந்து வந்தால்தான் அது வரும் என்ற நிலை. அந்த இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் விரலால் தொட்டுப் பார்த்த பிறகு, கலந்த நேரத்தைக் கிண்ணத்தின் மேலேயே பேனாவால் எழுதும் பழக்கம் எனக்கு வந்தது. மரக் கரண்டியால் சுரண்டி, கரைப்பானால் மூன்று முறை துடைத்து, துணியில் அழுக்குப் படாமல் போகும் வரை துடைத்து, புதிய சீலன்ட்டை மடிப்பினுள் செலுத்தினேன். டிரில் பட்டுத் துளைகள் சற்று அகன்றுவிட்டதால் 3.2 மில்லிமீட்டருக்குப் பதிலாக 4 மில்லிமீட்டர் ரிவெட்டுகளை இட்டேன். ஒரு வாரம் உலரவிட்டுச் சோதித்தபோது, அரை மணி நேரம் கழித்தும் மூன்று குழாய்களிலும் மட்டம் குறித்த கோட்டிலேயே நின்றது.

பூட்டும் வேலை ஜூனில் கொட்டகையில் தொடங்கியது. இறக்கையின் வேரடியில் அகலமான பட்டைகளைக் கொடுத்து விமானத்தை உத்தரத்திலிருந்து தொங்கவிட்டு, சக்கரக் கால்களைக் கழற்றினேன். அதற்கு முன்பே மூன்று தராசுகளில் நிறுத்தி எடைமையத்தைக் கணக்கிட்டு, விமானி, பயணி, எரிபொருள் ஆகியவை மாறும்போது அது முன்னும் பின்னும் எவ்வளவு நகரும் என்பதை உடற்பக்கத்தில் ஒட்டுநாடாவால் குறித்திருந்தேன். படி இருக்க வேண்டிய இடம் இந்தக் குறிகளைப் பொறுத்தது. எடைமையத்தின் பின்னெல்லைக்குச் சற்றுப் பின்னால் அது நிற்க வேண்டும். அதிகம் பின்னால் போனால், ஓட்டத்தின் முடிவில் மூக்கை உயர்த்த வால்கட்டுப்பாட்டுக்கு வலு போதாது. அதிகம் முன்னால் வந்தால் விமானம் வாலில் அமர்ந்துகொள்ளும், வேகத்தில் முன்னும் பின்னுமாகக் குதிக்கத் தொடங்கும். என் வரைபடம் தந்த தூரத்தை இங்கே எழுதவில்லை. அது என் விமானத்தின் உயரத்துக்கும் எடைக்கும் உரியது, இன்னொன்றுக்கு அதை எடுத்து வைப்பது ஆபத்து. தூக்குக்குண்டை எடைமையக் குறியிலிருந்து தொங்கவிட்டு, கீழே மரக்கட்டைகளில் வைத்த மிதவைகளை விரலளவு விரலளவாக நகர்த்தி நிறுத்துவதில் ஒரு முழு நாள் சென்றது.

அடுத்தது கோணமும் நேர்த்தன்மையும். மிதவை படியின்மேல் ஓடும்போது அதற்கென்று நல்ல சாய்வு ஒன்று உண்டு. அந்தச் சாய்வில் இறக்கை எழும் கோணத்தில் இருக்கும்படி, மிதவையின் மேல்தளத்தை உடலின் சமக்கோட்டுக்குச் சில பாகை மூக்குத் தாழ்வாக அமைக்க வேண்டும். இரு மிதவைகளும் ஒன்றுக்கொன்று இணையாக இருப்பதற்கு, அணியத்திலிருந்து அணியத்துக்கும் பின்முனையிலிருந்து பின்முனைக்கும் உள்ள தூரத்தையும், இரண்டு மூலைவிட்டங்களையும் அளந்தேன். முதல் அளவில் மூலைவிட்டங்கள் 11 மில்லிமீட்டர் வேறுபட்டன. குறுக்குக் கம்பிகளின் முறுக்கிகளைத் திருகித் திருகி 2 மில்லிமீட்டருக்குக் கொண்டுவந்தேன். எஃகுப் பிடிகள் அலுமினியத்தைத் தொடும் ஒவ்வோர் இடத்திலும் பிரைமரும் சீலன்ட்டும் இட்டே போல்ட்டை இறுக்கினேன். நன்னீரிலும் இரண்டு உலோகங்கள் நேராகத் தொட்டால் அலுமினியம் அரிக்கப்படும். உப்புநீரில் அது இன்னும் விரைவு.

எடைமையத்துக்கு முன்னால் நீண்டு நிற்கும் மிதவைகளின் பக்கப்பரப்பு, காற்றில் விமானத்தின் திசைநிலைப்பைக் குறைக்கும். அதனால் வாலின் அடியில் ஒரு சிறு துடுப்புத்தகடு சேர்த்தேன். நீர்ச்சுக்கான்களை மிதியோடு இணைக்கும் கம்பிகளும், அவற்றை மேலே இழுக்கும் கைப்பிடியும் எளிய வேலைதான்.

மீண்டும் எடை பார்த்தபோது கிடைத்த எண்கள் கடுமையானவை. சக்கர அமைப்பில் 27 கிலோ கழிந்து, மிதவை, தாங்கிகள், கம்பிகள், சுக்கான்கள் என 82 கிலோ கூடியது. வெற்று எடை 270 இலிருந்து 325 கிலோ ஆகிவிட்டது. உச்ச எடை 500 என்பதால் மிஞ்சுவது 175. நான் 78, 50 லிட்டர் பெட்ரோல் 36, துடுப்பு, கயிறு, உயிர்காப்பு உடைகள் 6. பயணிக்கு மீதி 55 கிலோ. என் மகளை ஏற்றிச் செல்லலாம். என் மைத்துனரை ஏற்ற வேண்டுமானால் எரிபொருளைக் குறைத்தும் கணக்கு இடிக்கிறது. இந்தக் கணக்கை வரைபடம் வாங்கும் முன்பே போட்டுப் பார்த்து, ஏற்றுக்கொண்டுதான் தொடங்க வேண்டும். புதிய எடை அறிக்கையும் மாற்றத்தின் விவரமும் விமானத்தின் பதிவேட்டில் ஏறின. நீர்விமானத்துக்கான தனித் தகுதியை நான் முந்தைய கோடையில் ஒரு பயிற்றுநரிடம் பெற்றிருந்தேன்.

ஆகஸ்ட் முதல் வாரத்தில் இழுவண்டியில் ஏற்றி ஸ்டர்ஜன் ஏரியின் படகுத்துறைக்குக் கொண்டுசென்றோம். அன்று இயந்திரத்தை இயக்கவே இல்லை. கரையோரம் கட்டி மூன்று மணி நேரம் மிதக்கவிட்டு, நீர்மட்டம் இரு பக்கமும் ஒன்றாக இருப்பதையும், பின்முனைகள் அமிழாததையும் பார்த்தேன். மறுநாள் மெதுவாக ஓட்டிப் பழகினேன். அப்போது தெரிந்த குறை ஒன்று: நடுத்தர வேகத்தில் அணியத்தின் உள்விளிம்பிலிருந்து சிதறும் தண்ணீர் சுழலியின் மேல் விழுந்தது. அந்த வேகத்தில் சுழலும் அதன் முனைகளுக்குத் தண்ணீர்த் துளி மணல்போலத்தான். உள்விளிம்பில் 90 சென்டிமீட்டர் நீளத்துக்கு, கீழ்நோக்கி வளைந்த ஒரு தெறிப்புத்தடுப்புப் பட்டையை ரிவெட் அடித்தபின் சிதறல் தணிந்து தாங்கிகளின் அடியாகவே போனது.

பத்தாம் நாள் காலை, தென்மேற்குக் காற்றில் ஏரி மெல்லச் சுருக்கம் விழுந்திருந்தது. கண்ணாடி போன்ற நீர்ப்பரப்பில் உயரம் மதிப்பிட முடியாது என்பதால், அந்தச் சுருக்கத்துக்காகவே இரண்டு நாள் காத்திருந்தேன். சுக்கான்களைத் தூக்கி, பிடியை முழுவதும் பின்னால் இழுத்து, இயந்திரத்துக்கு முழு வலு கொடுத்தேன். மூக்கு வானை நோக்கி உயர்ந்து முன்பார்வையை மறைத்தது. சில நொடிகளில் இரண்டாம் முறை உயர்ந்தது. பிடியைச் சற்று முன்னே விட்டதும் அது தாழ்ந்து, மிதவைகள் படியின்மேல் ஏறின. அதுவரை உழுதுகொண்டிருந்த ஒலி மாறி, அடித்தகட்டில் சிற்றலைகள் தட்டும் ஒலி மட்டும் கேட்டது. வலது மிதவையை முதலில் தூக்கினேன். இடதும் தானே விடுபட்டது. கரையில் நின்ற மகள் நேரம் குறித்திருந்தாள்: 17 நொடி.

பறந்து இறங்கியபின் ஒவ்வோர் அறையையும் கைப்பம்பால் இழுத்து, எத்தனை இழுப்புக்குத் தண்ணீர் வருகிறது என்று குறிப்பேட்டில் எழுதுகிறேன். மூன்றாம் பறப்புக்குப் பின் எழுதியது இது. வலது மிதவை, ஐந்து அறைகளிலும் வெறும் காற்று. இடது மிதவை, முதல் நான்கு அறைகளில் வெறும் காற்று. மூன்றாவதும் நான்காவதும் இரண்டு முறை இழுத்துப் பார்க்கப்பட்டன. ஐந்தாம் அறையில் இரண்டு இழுப்புத் தண்ணீர். மேல்தள மூடியின் ரப்பர் வளையம் ஓரிடத்தில் மடிந்திருக்கிறது, அடுத்த சனிக்கிழமைக்கு முன் மாற்ற வேண்டும்.